பால்வாடி, காப்பகம், பேறுகால உதவி: யாரிடம், எந்த வழியில் கேட்பது?

"எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டு வருபவர்களை மூன்று வகையாகப் பிரித்துவிடலாம். முதல் வகையினர் கண்ணுக்குத் தெரியும் குறையோடு வருகிறார்கள்: பால்வாடி வாடகை அறையில் நடக்கிறது, ஓடு ஒழுகுகிறது, கழிப்பறை இல்லை, சத்துமாவு ஒழுங்காக வருவதில்லை. இரண்டாம் வகையினர் காப்பகம் கேட்பவர்கள். பனியன் கம்பெனிக்கோ நூற்பாலைக்கோ வீட்டு வேலைக்கோ போகும் அம்மாக்கள் இவர்கள். ஷிப்ட் முடிவதற்கு முன்பே பால்வாடி பூட்டிவிடுகிறது, அதற்குப் பிறகு பிள்ளையை எங்கே விடுவது? மூன்றாம் வகையினர் கொள்கை பேசுகிறார்கள்: மூன்று வயதிலிருந்தே பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும், அமைப்புசாராத் தொழிலாளிக்கும் கூலி இழப்பில்லாத பேறுகால ஓய்வு வேண்டும்.

மூவருக்கும் குழப்பம் ஒன்றுதான். கலெக்டரிடம் மனு கொடுப்பதா, எம்.எல்.ஏ.வைப் பார்ப்பதா, வழக்குப் போடுவதா, ஆர்ப்பாட்டம் செய்வதா, தேர்தல் வரும்வரை பொறுப்பதா? ஆளுக்கொரு யோசனை சொல்லி, கடைசியில் எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்துவிட்டு ஓய்ந்துபோகும் குழுக்கள்தான் அதிகம். தமிழ்நாட்டில் இருக்கும் ஐந்து வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது

கையெழுத்து யாருடையது? இதுதான் முதல் கேள்வி, பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வியும் இதுதான். பால்வாடிக்கு மேலே வட்டார மேற்பார்வையாளர். அவருக்கு மேலே குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்; சி.டி.பி.ஓ. என்றால்தான் ஊரில் தெரியும். அவருக்கு மேலே மாவட்டத் திட்ட அலுவலர், தரமணியில் இயக்குநர், கோட்டையில் சமூக நலத்துறைச் செயலர். எடைக் கருவி பழுது, பணியாளர் வராதது போன்றவை சி.டி.பி.ஓ. மட்டத்திலேயே தீரும். புதிய கட்டடம் என்றால் பணம் எந்தத் தலைப்பில் வருகிறது என்பதைப் பொறுத்தது. புதிய பணியிடம், கூடுதல் நேரம், கூடுதல் உதவித்தொகை என்று போனால் துறைச் செயலரும் போதாது. இந்த மாதிரி அரசாணை எதையாவது எடுத்துக் கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள். நிதித்துறையின் இசைவுடன் வெளியிடப்படுகிறது என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அமைச்சர் மேடையில் ஒப்புக்கொண்டாலும் அந்த வரி எழுதப்படும்வரை எதுவும் நடக்காது.

சில விஷயங்களில் கோட்டையும் போதாது. அங்கன்வாடித் திட்டத்தின் பொதுச் செலவை ஒன்றிய அரசும் மாநிலமும் 60:40 என்றும், இணை உணவுச் செலவைப் பாதிப் பாதியும் பகிர்ந்துகொள்கின்றன. நாடு முழுவதற்கும் ஒன்றிய அரசு அனுமதித்திருக்கும் மையங்கள் 14 லட்சம். தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேல் இருக்கின்றன. அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு மையம் ஒன்றியப் பங்குத் தொகையோடு வேண்டுமானால் டெல்லி அனுமதிக்க வேண்டும். பிள்ளைகள் குறைந்துபோன இடத்திலிருந்து ஒரு மையத்தை உங்கள் பகுதிக்கு மாற்றுவது அதைவிடச் சுலபம். "புதிய அங்கன்வாடி வேண்டும்" என்று எழுதுவதற்கும் "மையத்தை இங்கே மாற்றித் தர வேண்டும்" என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் சில வருடங்கள்.

உரிமையா, சலுகையா? அரசியலமைப்பின் 21ஏ பிரிவு 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் கல்வியைத்தான் அடிப்படை உரிமையாக்குகிறது. அதைக் கொண்டுவந்த 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தம், ஆறு வயதுக்குட்பட்டவர்களை 45-ஆவது பிரிவில் விட்டது. அரசு முயல வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டு நெறி அது. அதை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் அரசைக் கட்டாயப்படுத்த முடியாது. அதே பிள்ளையின் சாப்பாடு வேறு கதை. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை வயதுக்கேற்ற உணவை உள்ளூர் அங்கன்வாடி வழியாக இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உணவும், 6,000 ரூபாய்க்குக் குறையாத பேறுகால உதவியும் 4-ஆம் பிரிவில் இருக்கின்றன. காப்பகம் மூன்றாவது ரகம். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி செய்ய வேண்டும் என்று 2017-இல் பேறுகாலப் பயன் சட்டத்தைத் திருத்தினார்கள். இருபது பேர் தைக்கும் பட்டறைக்கும், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கும் அதனால் பயனில்லை.

ஆக, ஒரே பிள்ளைக்குச் சாப்பாடு சட்ட உரிமை, படிப்பு வெறும் நெறி, காப்பகமோ அம்மா எங்கே வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்தது. மூன்றையும் ஒரே மனுவில் போட்டால், வலுவான கோரிக்கையும் வலுவில்லாததோடு சேர்ந்து கிடப்பில் போகும்.

மற்ற அளவுகோல்களை விளக்கத் தேவையில்லை: எவ்வளவு காலம் பிடிக்கும், யாருடைய கூலியும் நிம்மதியும் செலவாகும், கிடைத்தது ஆட்சியும் அதிகாரியும் மாறினாலும் நிற்குமா.

## மனு

திங்கட்கிழமை காலை எந்தக் கலெக்டர் அலுவலகத்துக்கும் போய்ப் பாருங்கள். வாசலில் போலீஸ் பையைத் திறந்து மண்ணெண்ணெய் கேன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மரத்தடியில் மனு எழுதித் தருபவர்கள், கையில் பிளாஸ்டிக் உறையோடு நிற்கும் பெரியவர்கள். உள்ளே மனுவுக்குப் பதிவு எண் விழும், ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். அதன் பிறகு உங்கள் மனு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கத் தொடங்கும். கலெக்டரிடமிருந்து மாவட்டத் திட்ட அலுவலருக்கு, அவரிடமிருந்து "உரிய நடவடிக்கைக்காக" சி.டி.பி.ஓ.வுக்கு. முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு அனுப்பினாலும், 1100-க்குப் போன் செய்தாலும் பாதை இதுதான், இன்னும் இரண்டு படி கூடுதல். யாரைப் பற்றிக் குறை சொன்னீர்களோ அவரே பதில் எழுதும் நிலைமை அடிக்கடி வரும்.

அதனால் மனு வீண் என்று சொல்லமாட்டேன். கையெழுத்து கீழ்மட்டத்தில் இருக்கும் விஷயத்துக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. மற்ற நான்கு வழிகளுக்கும் மனுதான் முதல் ஆவணம், அது இல்லாமல் நீதிமன்றம் போனால் "அரசிடம் கேட்டீர்களா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

வரும் பதிலை வாசிக்கத் தெரிய வேண்டும். "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்றால் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் நடக்கக்கூடியது. இரண்டு வாரம் விட்டு நேரில் போங்கள். "கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது" என்றால் கோப்பு நிஜமாகவே மேலே போயிருக்கலாம். எந்தத் தேதியில், எந்த எண்ணில், இப்போது யார் மேசையில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். "நிதி ஒதுக்கீடு வரப்பெற்றதும் நடவடிக்கை எடுக்கப்படும்" என்றால் கையெழுத்து அங்கே இல்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள், நகலைப் பத்திரப்படுத்திவிட்டு எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போகலாம். "அரசின் கொள்கை முடிவுக்கு உட்பட்டது" என்று வந்தால் மாவட்டத்தில் இனி நேரம் செலவழிக்காதீர்கள்.

கிராம சபைத் தீர்மானத்தை மனுவோடு இணைத்தால் எடை கூடும். குடியரசு நாள், தொழிலாளர் நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று நான்காக இருந்த கூட்டத்தோடு மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்து இப்போது ஆறு முறை கூடுகிறது. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று எழுதும்போதே நின்று பாருங்கள். பேசியதெல்லாம் புத்தகத்தில் ஏறுவதில்லை.

மறைசெலவு இரண்டு. திங்கட்கிழமை கூலி போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது, விசாரணை என்று வந்தால் முதலில் மாட்டுவது பால்வாடி டீச்சர். சத்துமாவு ஏன் வரவில்லை என்று கேட்ட மனுவுக்கு, பதிவேட்டை ஏன் சரியாக எழுதவில்லை என்று அவருக்கு விளக்கக் கடிதம் வரும். மதிப்பூதியத்தில் வேலை செய்பவர் அவர். அதற்குப் பிறகு உங்கள் பிள்ளையை எந்த முகத்தோடு பார்ப்பார்? குறை வழங்கலில்தான், பணியாளரிடம் இல்லை என்று மனுவிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

## எம்.எல்.ஏ.வும் சட்டமன்றமும்

இதில் இரண்டு தனி வழிகள் இருக்கின்றன.

ஒன்று, தொகுதி மேம்பாட்டு நிதி. ஆண்டுக்குத் தொகுதிக்கு 3 கோடி ரூபாய். அங்கன்வாடிக் கட்டடத்துக்கு இதுதான் நேர்வழி. இடம் புறம்போக்கா, ஊராட்சி பேரில் இருக்கிறதா, நீர்வழித்தடத்தில் வருகிறதா என்பதை முன்கூட்டியே சரிபார்த்து, வி.ஏ.ஓ.விடம் விவரம் வாங்கிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. இடம் இல்லாமல் போகும் குழுவிடம் "இடம் பாருங்க, செஞ்சிடலாம்" என்பார் எம்.எல்.ஏ. அத்தோடு ஒரு வருடம் ஓடிவிடும். இந்த நிதியின் எல்லை முக்கியம்: கட்டடம் கட்டலாம், சுற்றுச்சுவர் எழுப்பலாம், ஆயாவுக்கு மாதச் சம்பளம் தர முடியாது. காப்பகம் கேட்டுப் போனவர்கள் வண்ணப்படம் வரைந்த கட்டடத்தோடு திரும்பி, அதை நடத்த ஆள் இல்லாமல் பூட்டி வைப்பது இப்படித்தான்.

இன்னொன்று, சபைக்குள். கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை விவாதம் (துறைகளின் ஆண்டுச் செலவுக்குச் சபையின் ஒப்புதல் கேட்கும் விவாதம்). ஆளுங்கட்சி உறுப்பினர் கேள்வியாகக் கேட்பதைவிட அமைச்சரின் அறைக்குப் போய்ப் பேசுவதில் பலன் அதிகம். எதிர்க்கட்சி உறுப்பினர் சபையில் கேட்டால் பதிவாகும், செய்தியாகும். கட்டடம் வேண்டுமா, முதலாமவர். அரசின் நிலைப்பாட்டை வாய்திறந்து சொல்ல வைக்க வேண்டுமா, இரண்டாமவர். அமைச்சர் சபையில் கொடுத்த வாக்கைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பொதுமக்கள் மனுவை எடுத்துப் பார்க்க மனுக்கள் குழுவும் இருக்கிறது. இரண்டும் மாவட்டங்களுக்கு ஆய்வுக்கு வரும். அன்று அதிகாரிகளிடம் தெரியும் பதற்றத்தைப் பார்த்தால், இந்தக் குழுக்களை மக்கள் ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும்.

எம்.எல்.ஏ.வுக்கு நீண்ட மனு வேண்டாம். ஒரு பக்கம், நான்கு எண்கள்: ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, அருகிலுள்ள மையம் எவ்வளவு தூரம், வேலைக்குப் போகும் அம்மாக்கள் எத்தனை பேர், கேட்பதற்கு எவ்வளவு செலவாகும். கடைசி எண்ணைப் போடத்தான் பலரும் தயங்குகிறார்கள். அது இல்லாத கோரிக்கையை யாரும் கோப்பாக மாற்ற முடியாது.

இங்கே மறைசெலவு, கட்சி நிறம். ஒருவரிடம் போய்விட்டால் ஊரில் "அவங்க ஆளு" என்று பெயர் வந்துவிடும், அடுத்த ஆட்சியில் அதே கோரிக்கை அநாதையாகிவிடும். தொகுதியில் உள்ள எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் ஒரே நாளில் ஒரே தாளைக் கொடுப்பது இதற்கு ஓரளவு மருந்து. இன்னொரு சங்கடமும் உண்டு: பாலம், சாலை, கல்லூரி என்று பெரிய பட்டியலோடு இது போட்டி போட வேண்டும். 2022-இல் 234 உறுப்பினர்களிடமும் தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளை அனுப்பச் சொன்னார்கள். பத்தில் ஒன்றாகப் பால்வாடி இடம்பிடிக்க எத்தனை தொகுதியில் ஆள் இருந்திருப்பார்கள்?

## ஆணையமும் நீதிமன்றமும்

சட்டம் என்றதும் எல்லோரும் உயர் நீதிமன்றத்தை நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு குறைதீர் அலுவலர், அவருக்கு மேலே மாநில உணவு ஆணையம். தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் 2016 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிய உணவு கிடைக்காவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் கேட்க 8-ஆம் பிரிவு இடம் தருகிறது. குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைக் காரணமில்லாமல் தராத அரசு ஊழியருக்கு ஆணையம் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தொகை சின்னதுதான், ஆனால் பணிப் பதிவில் கறை விழும் என்ற பயம் சின்னதில்லை. வக்கீல் தேவையில்லை. சத்துமாவோ முட்டையோ வரவில்லை என்ற குறைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ரேஷன் கடைக்குத்தான் அந்த ஆணையம் என்று எண்ணிப் பலரும் அந்தப் பக்கமே போவதில்லை.

நீதிமன்றத்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குப் பெரிய சான்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட உணவு உரிமை வழக்கு. ராஜஸ்தானில் வறட்சி, பக்கத்திலேயே கிடங்கில் தானியம் குவிந்து கிடந்தது என்பதில் தொடங்கியது. 2006 டிசம்பரில் வந்த ஆணை, ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகளாவது இருந்தும் அங்கன்வாடி இல்லாத கிராமக் குடியிருப்போ குடிசைப் பகுதியோ கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்றது. மொத்தம் 14 லட்சம் மையங்கள் வேண்டும் என்ற எண்ணும் அந்த ஆணையில்தான் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னாலும் இந்த வழக்கின் அழுத்தம் இருந்தது.

ஆனால் அந்த வழக்கு 2017-இல்தான் முடித்து வைக்கப்பட்டது. பதினாறு வருடம். நீதிமன்றமே ஆணையர்களை நியமித்துக் கண்காணித்தது, நாடு முழுக்க ஓர் இயக்கம் பின்னால் நின்றது. மனு தாக்கல் செய்தவர்கள் வீட்டுக்குப் போயிருந்தால் முதல் ஆணையோடு முடிந்திருக்கும். இடைக்கால ஆணைகளை மட்டும் நம்பி இன்று புதிதாக வழக்குப் போட வேண்டாம். சட்டத்தின் 5-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆணையைத் துணைக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

சாதாரணமாகச் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ பொதுநல வழக்குப் போட்டால் கிடைக்கக்கூடியது என்ன? "மனுதாரரின் கோரிக்கையை எட்டு வாரத்துக்குள் தகுதி அடிப்படையில் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும்" என்ற ஆணைதான் பெரும்பாலும். ஏழாவது வாரக் கடைசியில் பரிசீலித்து நிராகரிப்பார்கள். சட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பதைச் செய்யச் சொன்னால் நீதிமன்றம் கைகொடுக்கும். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்று குஜராத் பணியாளர்கள் வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது அப்படித்தான். இல்லாத திட்டத்தைக் கொண்டுவரச் சொன்னால் "கொள்கை முடிவில் தலையிட முடியாது" என்று வரும்.

இதன் மறைசெலவுதான் ஐந்திலும் மோசம். வழக்கு எண் விழுந்த அன்றே எல்லா அலுவலகத்திலும் "வழக்கு நிலுவையில் உள்ளது" என்று மற்றக் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். தள்ளுபடி ஆனாலோ, அந்தத் தீர்ப்பு உங்களுக்கு மட்டுமின்றி இனி கேட்கப்போகிற எல்லோருக்கும் எதிராக மேற்கோள் காட்டப்படும். வக்கீல் செலவு அவ்வளவு பெரிய தடையில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

## வீதி

2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. 2022 ஜூனில் அவற்றைத் தொடர்வதில்லை, பிள்ளைகள் அங்கன்வாடியிலேயே படிக்கட்டும் என்று பள்ளிக் கல்வித்துறை அறிவித்தது. பெற்றோர், ஆசிரியர், கட்சிகள் என்று எதிர்ப்பு கிளம்ப, சில நாளிலேயே முடிவு மாறியது. வகுப்புகள் தொடரும், அதற்குச் சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்படுவார்கள் என்றார்கள்.

மனுவோ வழக்கோ இந்த வேகத்தில் எதையும் சாதித்ததில்லை. ஆனால் இதிலிருந்து தவறான பாடம் படிக்கக்கூடாது. வகுப்பு ஏற்கெனவே இருந்தது, மாணவர் சேர்க்கை நேரம், நிறுத்தினால் யாருடைய பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும், தொடர்வதற்கான செலவு அரசுக்குப் பெரிதில்லை. இருப்பதைப் பறிக்கும்போது கூட்டம் தானாகச் சேரும். இல்லாத காப்பகத்துக்காக ஒரு தடவை கூட்டலாம், மூன்றாவது தடவைக்கு ஏற்பாட்டாளர்கள் மட்டும் நிற்பார்கள்.

இந்தத் துறைக்கே உரிய பலவீனமும் இருக்கிறது. பால்வாடிப் பெற்றோர் மூன்று வருடப் பெற்றோர். பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் அவர்கள் கவலை வேறு. இதிலேயே நிலையாக இருப்பவர்கள் பணியாளர்களும் உதவியாளர்களும்தான், அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, கூட்டம் கூட்டும் பழக்கம் இருக்கிறது. அவர்களோடு சேராமல் வீதி வழி கிடையாது. சேரும்போது ஒரு விஷயத்தை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பெற்றோர் கேட்பது மாலை ஆறு மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று. பணியாளர் கேட்பது காலமுறை ஊதியம், ஓய்வூதியம், செயலியில் பதிவேற்றும் சுமை குறைப்பு. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் பலருக்கு இருக்கிறது. "நேரத்தை நீட்டு" என்ற பதாகையை மட்டும் தூக்கினால் உங்கள் ஒரே கூட்டாளி எதிரியாகிவிடுவார். "மாலை நேரத்துக்குத் தனி ஆள், தனி ஊதியம்" என்று எழுதினால் இருவருக்கும் ஒரே கோரிக்கை. தமிழ்நாடு ஃபோர்சஸ் போலக் காப்பகத்துக்காகவே இருக்கும் கூட்டமைப்புகளில் சேர்வதற்கும் இதுவே காரணம்: உங்கள் பிள்ளை வளர்ந்த பிறகும் கோரிக்கையை யாராவது வைத்திருக்க வேண்டும்.

## தேர்தல் அறிக்கை

தமிழ்நாட்டில் குடும்பங்களுக்கான பெரிய திட்டங்கள் மேலிருந்து வந்தவைதான். 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டத்துக்கு மாவட்ட மனுவா காரணம்? முதலமைச்சர் ஒருவர் முடிவெடுத்தார், நிதித்துறை வழி தேடியது. அந்த மட்டத்துக் கையெழுத்தை நோக்கிச் சாதாரணக் குழு போகக்கூடிய ஒரே பாதை தேர்தல் அறிக்கை. தேர்தலுக்குச் சில மாதம் முன்பு கட்சிகள் குழு அமைத்து ஊர் ஊராக மனு வாங்கும். அந்த மேசைக்குப் போகும் தாள்களில் பெரும்பாலானவை சங்கங்களுடையவை, பெற்றோருடையவை மிகக் குறைவு.

வாக்குறுதியாக ஏறிவிட்டால் பலன் பெரிது, ஆனால் சிறு எழுத்தைப் பார்க்க வேண்டும். குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2021-இல் சொன்னது 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. வரும்போது ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், நிலம், மின் பயன்பாடு என்று தகுதி வரம்புகளோடு வந்தது. வரியை எழுதுவது கட்சி, நிபந்தனையை எழுதுவது நிதித்துறை. இன்னொன்று, சொல்வதற்கு எளியதே முதலில் நிறைவேறும். அரசு ஊழியருக்குப் பேறுகால விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதமானது. கட்டட வேலைக்குப் போகும் பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய்தான், அதுவும் தவணையாக, அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக. விடுப்புக்கு ஓர் அரசாணை போதும். அமைப்புசாராத் தொழிலாளிக்கு மாதக்கணக்கில் கூலி ஈடு என்றால் நிதி மூலம் வேண்டும்.

அதனால் கட்சிக்குக் கொடுக்கும் வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்: யாருக்கு, எத்தனை மாதம், எவ்வளவு, எந்த ஆண்டுக்குள், முதலில் எந்த இடத்தில். கடைசியில் சொன்னது முக்கியம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கி, ஓராண்டுக்குள் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும், 31,008 பள்ளிகளுக்கு, விரிந்தது. மாநிலம் முழுவதும் என்று கேட்டால் நிதித்துறை தலையை ஆட்டாது. இரண்டு மாவட்டத்தில் முன்னோட்டம் என்றால் யோசிக்கும்.

## பக்கத்தில் பக்கத்தில்

| வழி | யார் கையெழுத்து | காலம் | மறைசெலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| மனு, கிராம சபை | சி.டி.பி.ஓ., கலெக்டர், ஊராட்சி | வாரங்கள், மாதங்கள் | பணியாளர் மேல் விசாரணை | பழுது, பணியாளர் வராமை, கழிப்பறை. எல்லா வழிக்கும் முதல் படி |
| எம்.எல்.ஏ., சட்டமன்றம் | எம்.எல்.ஏ., அமைச்சர் | ஒரு நிதியாண்டு | கட்சி முத்திரை | கட்டடம். அரசின் நிலைப்பாட்டைப் பதிவு செய்ய |
| உணவு ஆணையம் | ஆணையம் | மாதங்கள் | உணவு, பேறுகால உதவி தவிர வேறெதற்கும் பயனில்லை | சத்துமாவு, முட்டை, பேறுகால உதவி |
| நீதிமன்றம் | நீதிபதி, பிறகு மறுபடி அரசு | ஆண்டுகள் | மற்றக் கதவுகள் மூடும். எதிர்த் தீர்ப்பு | சட்டத்தில் எழுதியிருந்தும் தராதபோது |
| வீதி | அமைச்சர், முதலமைச்சர் | நாட்கள், அல்லது முடிவே இல்லை | கூலி, களைப்பு, கூட்டாளியோடு உரசல் | இருப்பதைப் பறிக்கும்போது |
| தேர்தல் அறிக்கை | முதலமைச்சர், நிதித்துறை | ஐந்தாண்டுக்கு ஒரு வாய்ப்பு | நிபந்தனைகள், தாமதம் | புதிய கொள்கை, பெருஞ்செலவு |

## யாருக்கு எது

பால்வாடியின் குறைகளைச் சொல்பவர்கள் ஒரே மனுவாக எழுதாமல் பிரித்துவிடுங்கள். உணவுக் குறை உணவு ஆணையத்துக்கு. கழிப்பறையும் குடிநீரும் கிராம சபைக்கும் ஊராட்சிக்கும், நகரமானால் கவுன்சிலருக்கும். கட்டடம் எம்.எல்.ஏ.வுக்கு. இவற்றில் எதற்கும் நீதிமன்றம் தேவைப்படாது.

காப்பகம் கேட்பவர்கள் முதலில் கம்பெனியில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணுங்கள். 50-க்குக் குறையவில்லை என்றால் இது சமூக நலத்துறைப் பிரச்சினையே இல்லை, தொழிலாளர் துறைப் பிரச்சினை, மாதக்கணக்கில் சி.டி.பி.ஓ. அலுவலகத்துக்கு அலைந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள். பட்டறைகளும் வீட்டு வேலையும் என்றால், ஒன்றிய அரசின் பால்னா திட்டம் இருக்கிறது. அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்த்து நடத்த 60:40 பகிர்வில் நிதி தருகிறது. புதிய கொள்கை கேட்பதைவிட, இருக்கிற திட்டத்தில் எங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் சில மையங்களையும் சேர்க்கச் சொல்லி மாநில அரசு கருத்துரு அனுப்ப வேண்டும் என்று கேட்பது சின்னக் கையெழுத்து. இதற்கு எம்.எல்.ஏ.வும் பணியாளர் சங்கமும் சேர்ந்து போனால் போதும்.

கொள்கை பேசுபவர்கள் தனியாகப் போகாதீர்கள், முதல் அடியாக வழக்குப் போடாதீர்கள். தேர்தல் ஆண்டானால் அறிக்கைக் குழுக்கள். மற்ற நான்கு ஆண்டுகளில் துறையின் பகுதி-2 திட்டங்கள், அதாவது அடுத்த பட்ஜெட்டுக்குத் துறை நிதித்துறையிடம் கேட்கும் புதிய திட்டங்களின் பட்டியல். அது தீபாவளியை ஒட்டியே தயாராகிவிடும். மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும் வாரத்தில் சென்னைக்குப் பஸ் ஏறுபவர்கள் அமைச்சரோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம். பட்டியலோ ஆறு மாதம் முன்பே முடிந்த விஷயம். செலவுக் கணக்கோடு உங்கள் தாள் ஆகஸ்ட், செப்டம்பரில் தரமணி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், அதன் நகல் கோட்டையில் துறைச் செயலருக்கும் போயிருக்க வேண்டும்.